சிரிக்கவைக்கும் கூடைப்பந்து: ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் ஓர் அறிமுகம்

யாரும் மறிக்காமல் வளையத்துக்கு எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டில் ஒருவர் நிற்கிறார். மூச்சை இழுத்துப் பிடித்து, வளையத்தைக் குறிபார்த்து எறிகிறார். பாதி தூரம் போன பந்து அந்தரத்தில் நின்று, விறுட்டென்று அவர் கைக்கே திரும்பி வருகிறது. பந்தில் ரப்பர் கயிறு கட்டியிருக்கிறது. அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. நடுவர் ஓடிவந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு வேறு பந்தைக் கொடுக்கிறார். அதே ஆள் சற்று நேரம் கழித்து களத்தின் நடுக்கோட்டருகே நின்று, தலைக்கு மேலாகக் கையைச் சுழற்றி ஒரு ஹூக் ஷாட் விடுகிறார். பந்து வளையத்தில்கூடப் படாமல் வலைக்குள் இறங்குகிறது.

நகைச்சுவைக் கூடைப்பந்து என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த இரண்டு எறிதல்களையும் அடுத்தடுத்துக் காட்டினால் போதும். முதலாவது ஏமாற்று, இரண்டாவது நிஜம். அந்த இரண்டாவது எறிதல் கைவராதவரின் ரப்பர் கயிற்றைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். இந்தக் கலையை உருவாக்கியவர்கள், உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள், இன்றுவரை அதன் மறுபெயராக நிற்பவர்கள் அமெரிக்காவின் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ். வேறு அணிகளும் உண்டு. 1962இல் தொடங்கிய ஹார்லம் விசார்ட்ஸ் இன்றும் ஆடுகிறது. ஆனால் மரம் ஒன்றுதான், மற்றவை அதன் கிளைகள்.

ஹார்லமில் பிறக்காத ஹார்லம் அணி

பெயரைப் பார்த்து நியூயார்க் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் சிகாகோவின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரத்தில் உருவானவர்கள். முதல் ஆட்டக்காரர்களில் பலர் அங்குள்ள வெண்டெல் பிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். சவாய் என்ற நடன அரங்கம் 1927 கடைசியில் திறக்கப்பட்டபோது, நடனத்துக்குக் கூட்டம் சேர்க்கக் கூடைப்பந்தாட்டமும் நடத்தினார்கள். அங்கே ஆடிய 'சவாய் பிக் ஃபைவ்' அணியோடு தொடர்புடையவர்களிடமிருந்துதான் குளோப்டிராட்டர்ஸ் பிரிந்து வந்தது.

அணியை நடத்தியவர் ஏப் சேப்பர்ஸ்டீன். 1902இல் லண்டனில், போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். உயரம் ஐந்தடி சொச்சம். மேலாளர், வண்டி ஓட்டுநர், விளம்பரக்காரர் எல்லாம் அவரே. ஆள் குறைந்தால் ஜெர்சியை மாட்டிக்கொண்டு களத்திலும் இறங்குவார். அணிக்கு 'ஹார்லம்' என்று பெயர் வைத்ததற்குக் காரணம் எளிது. அந்தப் பெயரைச் சுவரொட்டியில் பார்த்தாலே வருவது கறுப்பின அணி என்று சிற்றூர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். 'குளோப்டிராட்டர்ஸ்', அதாவது உலகம் சுற்றுபவர்கள், என்பது சுத்தமான பீலா. அப்போது அவர்கள் சுற்றியதெல்லாம் இல்லினாய், அயோவா பக்கத்துச் சிற்றூர்கள்தான். உண்மையான ஹார்லமில் அவர்கள் முதன்முதலாக ஆடியது 1968இல்.

முதல் ஆட்டம் 1927 ஜனவரி 7 அன்று இல்லினாயின் ஹிங்க்லி என்ற ஊரில் நடந்தது என்று அணி காலங்காலமாகச் சொல்லிவருகிறது. சவாய் அரங்கமே அந்த ஆண்டின் கடைசியில்தான் திறந்தது என்பதால் வரலாற்றாசிரியர்கள் இந்தத் தேதியை நம்புவதில்லை. சேப்பர்ஸ்டீன் சொன்ன எண்களையெல்லாம் ஒரு சிட்டிகை உப்போடு... வேண்டாம், நம் ஊர் வழக்கப்படி பாதியாக வகுத்து எடுத்துக்கொள்வது நல்லது.

சிரிப்பு எங்கிருந்து வந்தது

இவர்கள் சிரிக்கவைக்கப் புறப்பட்டவர்கள் இல்லை. ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் அணியோடு ஆடி, வசூலில் பங்கு வாங்கிக்கொண்டு மறுநாள் அடுத்த ஊருக்குக் கிளம்புவதுதான் தொழில். அதில் மூன்று சிக்கல்கள் இருந்தன.

ஒன்று, இவர்கள் மிக நன்றாக ஆடினார்கள். உள்ளூர்ப் பையன்களை நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தால் பார்க்க வந்தவர்களுக்குச் சலிப்பு. அடுத்த வருடம் யாரும் கூப்பிடமாட்டார்கள். இரண்டாவது சிக்கல் இன்னும் கசப்பானது. ஆடுபவர்கள் கறுப்பினத்தவர், பார்ப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். இரவு தங்க ஹோட்டல் கிடைக்காத, சாப்பாட்டுக் கடைக்குள் விடாத காலம். அப்படிப்பட்ட ஊரில் ஊர்ப் பெருமையை மிதித்துவிட்டு வருவது ஆபத்து. மூன்றாவது வெறும் உடம்புக் கணக்கு. அணியில் ஐந்து பேர், மிஞ்சினால் ஆறு பேர். தினமும் ஒரு ஆட்டம். மாற்று ஆள் இல்லாமல் நாற்பது நிமிடம் ஓட யாராலும் முடியாது.

மூன்றுக்கும் ஒரே மருந்தாக வந்தது வேடிக்கை. பத்துப் பதினைந்து புள்ளி முன்னிலை கிடைத்ததும் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவார், மற்ற நால்வர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவார்கள். புள்ளி ஏறாது, கூட்டம் சிரிக்கும், தோற்கும் அணியும் முகம் சுளிக்காது. இதை முதலில் முழுநேர வேலையாகச் செய்தவர் இன்மன் ஜாக்சன். 1930 வாக்கில் சேர்ந்த நெடிய மைய ஆட்டக்காரர். கைகள் பெரியவை. பந்தை ஒரு கை விரல் நுனியிலிருந்து தோள், பிடரி வழியாக மறு கை வரை உருட்டுவார். பிற்காலக் கோமாளிகள் எல்லாருக்கும் அவரே வாத்தியார். அதே காலத்தில் 'ரண்ட்' புலின்ஸ் என்ற குட்டையானவர் பந்தைத் தட்டியபடி எதிரணியை அலைக்கழிப்பார். நடுவில் ஒரு கோமாளி, அவரைச் சுற்றி ஒரு பந்து தட்டும் வித்தகர் என்ற இந்த அமைப்பு அப்போது உருவானதுதான். ஆள் மாறுகிறார்களே தவிர, அது இன்றும் மாறவில்லை.

நிஜமாகவே ஜெயித்தவர்கள்

1939இல் சிகாகோவில் உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கியது. கறுப்பின அணிகளும் வெள்ளை அணிகளும் ஒரே கோப்பைக்கு மோதிய போட்டி அது. முதல் வருடம் அரையிறுதியில் குளோப்டிராட்டர்ஸ், இன்னொரு கறுப்பின அணியான நியூயார்க் ரெனசான்ஸிடம் தோற்றது. கோப்பையும் ரெனசான்ஸுக்குத்தான் போனது. ரெனசான்ஸ்காரர்கள் வேடிக்கை பக்கமே போகாதவர்கள், ஆட்டம் ஆட்டமாகவே இருக்க வேண்டும் என்பவர்கள். அடுத்த வருடம், 1940இல், குளோப்டிராட்டர்ஸ் இறுதி ஆட்டத்தில் சிகாகோ ப்ரூயின்ஸை 31–29 என வென்று கோப்பையை எடுத்தது.

அதைவிடப் பெரிய நாள் 1948 பிப்ரவரி 19. எதிரே மினியாபோலிஸ் லேக்கர்ஸ், அந்த அணியில் ஜார்ஜ் மைக்கன். ஆறடி பத்தங்குல உயரம். அன்றைய தேதியில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டவர். சிகாகோ ஸ்டேடியத்தில் 17,823 பேர் கூடியிருந்தார்கள். முதல் பாதியில் லேக்கர்ஸ் முந்தியது. இரண்டாம் பாதியில் மைக்கனை இருவர் சேர்ந்து மறித்தார்கள். கடைசி நொடிகளில் 59–59. பந்து எர்மர் ராபின்சன் கைக்கு வந்தது, தூரத்திலிருந்து எறிந்தார், பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்தது, பந்து உள்ளே போனது. 61–59. மறு வருடமும் லேக்கர்ஸை 49–45 என்று வென்றார்கள், அப்போது நடுவே வேடிக்கையும் காட்டினார்கள்.

இதன் விளைவு விசித்திரமானது. கறுப்பின ஆட்டக்காரர்கள் எந்த உயரத்திலும் ஆடக்கூடியவர்கள் என்பதை இனி யாரும் மறுக்க முடியவில்லை. 1950இல் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான என்பிஏ கதவைத் திறந்தது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணி சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்தது. நியூயார்க் நிக்ஸ் குளோப்டிராட்டர்ஸிலிருந்தே நாட் 'ஸ்வீட்வாட்டர்' கிளிஃப்டனை விலைக்கு வாங்கியது. அதுவரை கறுப்பினத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் போக வேறு வழியில்லாமல் சேப்பர்ஸ்டீனிடம் வந்தார்கள், இனி வரமாட்டார்கள். தன் அணியின் வெற்றியே தன் அணியைப் போட்டிக் களத்திலிருந்து வெளியேற்றியது. வேடிக்கை அதன்பின் முழுநேரத் தொழிலானது, பெயரில் இருந்த பீலாவும் நிஜமானது. 1951 ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் சுமார் 75,000 பேர் முன்னால் ஆடினார்கள். ஹிட்லர் பார்க்க 1936இல் அங்கேயே நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ் அன்று ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். 1959இல் சோவியத் ஒன்றியத்துக்கும் போனார்கள்.

கோமாளிகளின் வரிசை

ரீஸ் 'கூஸ்' டேட்டம், இந்தக் கலையின் இலக்கணத்தை எழுதியவர். அர்கன்சாவில் 1921இல் பிறந்தார். கறுப்பினப் பேஸ்பால் லீகில் இந்தியானாபோலிஸ் க்ளவுன்ஸ் அணிக்கும் ஆடினார். அந்தப் பேஸ்பால் உலகில் 'நிழல் பந்து' என்று ஒன்று உண்டு. பந்தே இல்லாமல், இருப்பதுபோல் எறிந்து பிடித்து ஆடிக்காட்டுவது. இப்படி இல்லாததை இருப்பதாகக் காட்டும் உடல்மொழியைக் கூடைப்பந்துக்குள் முழுமையாகக் கொண்டுவந்தவர் டேட்டம். ஆள் ஆறடிக்குச் சற்று மேல், ஆனால் இரண்டு கைகளையும் விரித்தால் ஏறக்குறைய ஏழடி. அந்தக் கைகளால் அவர் போட்ட ஹூக் ஷாட்டை மறிப்பது பெரும்பாடு. எதிரணி கூடிப் பேசும்போது இவரும் தலையை நுழைத்து ஒட்டுக்கேட்பார். மயங்கி விழுந்து கிடப்பார். தண்ணீர் தெளித்தாலும் எழமாட்டார், அவர் ஷூவையே கழற்றி மூக்கருகே பிடித்தால் துள்ளி எழுவார். 1967இல் இறந்தார். 2011இல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள், தாமதமாக.

மார்க்கஸ் ஹெய்ன்ஸ் சிரிப்பு மூட்டவில்லை, வாயைப் பிளக்க வைத்தார். ஒக்லஹாமாக்காரர். லாங்ஸ்டன் பல்கலைக்கழக அணிக்காக ஆடி 1946இல் குளோப்டிராட்டர்ஸையே தோற்கடித்தார், பிறகு அவர்களிடமே சேர்ந்தார். முட்டி போட்டு, பக்கவாட்டில் படுத்து, சறுக்கி எழுந்து, இத்தனையிலும் பந்தை விடாமல் தட்டுவார். நிமிடத்துக்கு 348 முறை தட்டினார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் எண். நம்பலாமா என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்து தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் எழும்பித் தானாக விழ ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அப்படியானால் நிமிடத்துக்கு 300. கை மேலிருந்து அழுத்தினால் நேரம் இன்னும் குறையும். ஆகவே நான்கைந்து விரற்கடை உயரத்துக்குள் பந்தை அடக்கி வைத்திருப்பவருக்கு அந்த எண் எட்டாத தூரமில்லை. நின்றபடி இடுப்பளவு தட்டினால் நிமிடத்துக்கு நூறைத் தாண்டுவதே கஷ்டம், அதனால்தான் அவர் படுத்துக்கொண்டார். தாழ்வாகத் தட்டப்படும் பந்தைப் பறிக்க எதிராளி குனிய வேண்டும், குனிந்தவர் மறுபடி ஓடத் தொடங்க நேரமாகும். வித்தை என்று நாம் பார்ப்பது தந்திரமும்கூட. 1998இல், குளோப்டிராட்டராக ஆடியதற்காகவே புகழ் மண்டபத்தில் நுழைந்த முதல் ஆட்டக்காரர் இவர்தான். சேப்பர்ஸ்டீனோடு பணத்தகராறில் 1953இல் விலகினார். பிறகு டேட்டமும் வர, இருவரும் சேர்ந்து ஹார்லம் மேஜிஷியன்ஸ் என்று தனி அணி நடத்தினார்கள்.

டேட்டம் போன இடத்தை நிரப்பியவர் மெடோலார்க் லெமன். வட கரோலினாவின் வில்மிங்டனில், பதினோரு வயதில் திரையரங்கச் செய்திப்படத்தில் குளோப்டிராட்டர்ஸைப் பார்த்து இதுதான் என் வேலை என்று முடிவுசெய்தவர். 1950களின் நடுவில் சேர்ந்து 1970களின் கடைசி வரை ஆடினார். பதினாறாயிரம் ஆட்டங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். பாதியாக வகுத்தாலும் மலைப்புதான். இவரது ஆயுதம் குரல். டேட்டம் உடலால் பேசினார் என்றால் லெமன் நடுவரிடம், எதிரணியிடம், முதல் வரிசையில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கும் பெண்மணியிடம் ஓயாமல் வாயாடுவார். தெருக்கூத்தின் கட்டியக்காரன் செய்யும் அதே வேலை. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த காலமும் இவர் காலமும் ஒன்றாக அமைந்தது அதிர்ஷ்டம். நடுக்கோட்டு ஹூக் ஷாட் இவருடைய முத்திரை. பிற்காலத்தில் மதபோதகரானார்.

அவருக்கு ஜோடி ஃப்ரெட் 'கர்லி' நீல். மொட்டைத் தலையருக்குச் 'சுருட்டை' என்று பட்டம், பட்டப்பெயர் வைக்கும் குசும்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். 1963 முதல் 1985 வரை 97 நாடுகளில் ஆடினார். ஹெய்ன்ஸின் பந்து தட்டும் பாத்திரத்தை எடுத்து, முட்டிகளில் சறுக்கியபடி ஆட்களுக்கிடையே புகுந்து வெளியேறுவதைத் தன்னுடையதாக்கினார்.

இடையில் ஒரு வருடம், 1958–59இல், ஒரு பூதமும் இந்த அணியில் இருந்தது. வில்ட் சேம்பர்லின், ஏழடி ஓரங்குலம். படிப்பை முடிக்காமல் கல்லூரியை விட்டதால் அவருடைய வகுப்பு பட்டம் பெறும் வரை என்பிஏ விதி அவரைச் சேர்க்கவிடவில்லை. குளோப்டிராட்டர்ஸில் அவருக்கு வழக்கமாகக் குட்டையானவர்கள் ஆடும் கார்டு இடத்தைக் கொடுத்தார்கள். அதுவே பாதி நகைச்சுவை. லெமன் சுருண்டு விழுவார், சேம்பர்லின் அவரைக் குழந்தைபோல் தூக்கி மேலே எறிந்து பிடிப்பார்.

1985இல் லினெட் வுடார்ட் சேர்ந்தார், அணியின் முதல் பெண் ஆட்டக்காரர். முந்தைய வருடம் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் தலைவி. அணியில் இருபது வருடத்துக்கு மேல் சிரிக்கவைத்த ஹூபர்ட் 'கீஸ்' ஆஸ்பி அவருக்கு உறவுமுறை, சின்ன வயதில் அவர் காட்டிய வித்தைகளே தொடக்கம்.

ஒரு வேடிக்கை எப்படி இயங்குகிறது

ஒவ்வொரு வேடிக்கைக் காட்சிக்கும் அணிக்குள் 'ரீம்' என்று பெயர். ஆட்டம் முழுவதும் ரீம் ஓடாது. வழக்கமான ஆட்டம் சில நிமிடம், பிறகு ஒரு ரீம், மறுபடி ஆட்டம். நடுவே ஆட்டம் இல்லையென்றால் ரீம் சர்க்கஸாகிவிடும்.

தொடக்கம் எப்போதும் 'மேஜிக் சர்க்கிள்'. பயிற்சிக்கு இறங்குவதுபோல் இறங்கி ஐந்தாறு பேர் வட்டமாக நிற்பார்கள். 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்' பாட்டு ஒலிக்கும். பிரதர் போன்ஸ் என்பவர் சீட்டியடித்து, எலும்புக் கட்டைகளைத் தாளமாகத் தட்டி 1949இல் வெளியிட்ட வடிவம். 1952 முதல் அதுவே அணியின் அடையாளப் பாட்டு. பந்து வட்டத்துக்குள் கைமாறும், ஒவ்வொருவரும் தம் வித்தையைக் காட்டி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கை-பிடரி-கை உருட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியைத் தோளைவிடச் சற்று உயர்த்தி வைத்தால் பந்து கழுத்தை நோக்கி இறங்கும். பிடரியைத் தாண்டும் கணத்தில் தலையைக் குனிந்து, மறுகையைச் சாய்வாக இறக்க வேண்டும். புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பந்தைத் தோளால் தள்ளுவது. தள்ளினால் முதுகுப் பக்கம் விழும். உடலைப் பந்துக்குக் கீழே நகர்த்த வேண்டும், பந்தை நகர்த்தக் கூடாது.

அடுத்தது பிவட். தலைமைக் கோமாளி ஃப்ரீ த்ரோ கோட்டருகே வளையத்துக்கு முதுகு காட்டி நிற்பார். ஏன் அங்கே? களத்தின் அந்தப் பாதி முழுவதும் அவருக்குத் தெரியும், அரங்கத்தின் எல்லாப் பக்கமும் அவரைப் பார்க்கும். வளையத்தின் அடியிலுள்ள பெட்டிக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியும் அங்கே தொந்தரவு செய்யாது. பந்து அவரிடம் வந்ததும் மற்றவர்கள் அவரை உரசினாற்போல் ஓடுவார்கள். அவர் கொடுப்பதுபோல் காட்டிக் கொடுக்காமல் இருப்பார், கால்களுக்கிடையே தள்ளுவார், கைகளை விரித்துப் பந்து எங்கே என்று தானே தேடுவார். எதிரணிக்காரர் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பந்து வளையத்தின் அடியில் இருக்கும்.

எட்டு வடிவ ஓட்டத்தை எந்தப் பள்ளி அணியும் பழகலாம். மூவர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். நடுவிலிருப்பவர் வலப்பக்கத்தவருக்குப் பந்தைக் கொடுத்து, வாங்கியவரின் பின்னால் ஓடி வெளியேற வேண்டும். பந்து வாங்கியவர் உள்நோக்கி வந்து இடப்பக்கத்தவருக்குக் கொடுத்து, அவர் பின்னால் ஓட வேண்டும். விதி இவ்வளவுதான்: யாருக்குக் கொடுத்தாயோ அவருக்குப் பின்னால் ஓடு. முன்னால் ஓடினால் முட்டிக்கொள்வார்கள். இன்னொரு வழக்கமான பிழை, ஆள் இருக்கும் இடத்துக்குப் பந்தை எறிவது. அவர் அடுத்த எட்டில் இருக்கப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும்.

வாளி ரீம் எல்லாருக்கும் தெரிந்தது. முதலில் ஒரு வாளித் தண்ணீர் நடுவர் மீதோ எதிரணி ஆள் மீதோ நிஜமாகவே கொட்டப்படும். அது முக்கியம், அந்தத் தண்ணீரில்தான் முழு நகைச்சுவையும் நிற்கிறது. பிறகு துரத்தல். துரத்தப்பட்டவர் பார்வையாளர்களுக்குள் ஓடி ஒளிவார். கோமாளி அதேபோன்ற இன்னொரு வாளியை ஓங்கி வீசுவார். வரிசை முழுவதும் கத்தியபடி குனியும். விழுவது காகிதத் துண்டுகள். முதல் வாளி நனைக்காவிட்டால் இரண்டாவதுக்கு யாரும் குனியமாட்டார்கள். மேலும் மரத்தளத்தில் ஈரம் எமன்; துடைத்து முடிக்காமல் ஓடினால் கணுக்கால் பிசகும். எனவே தண்ணீரைக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வதும், கொட்டிய கையோடு துடைக்க ஆள் இருப்பதும் நல்லது.

பந்துகளிலும் தில்லுமுல்லு உண்டு. ரப்பர் கயிற்றுப் பந்து ஒன்று. உள்ளே ஒரு பக்கம் எடை வைத்த பந்து இன்னொன்று. அதன் எடைமையம் நடுவில் இல்லாததால் உருட்டினால் நேராகப் போகாமல் குடித்தவன்போல் தள்ளாடும், தட்டினால் நினைத்த பக்கம் எழும்பாது. காற்றில்லாத பந்து தரையில் விழுந்து 'தொப்' என்று கிடக்கும். பந்தை மாற்றும் கணத்தில் அரங்கத்தின் கண் வேறெங்கோ இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நேரத்தில் நடுவரோடு சண்டை.

தோற்பதற்கென்று ஓர் அணி

செந்தில் இல்லாமல் கவுண்டமணி யாரை எட்டி உதைப்பார்? இந்தக் கேள்விக்கு 1952இல் கிடைத்த பதில் வாஷிங்டன் ஜெனரல்ஸ். நடத்தியவர் ரெட் க்ளாட்ஸ், ஐந்தடி ஏழங்குலம். 1948இல் பட்டம் வென்ற பால்டிமோர் புல்லட்ஸ் அணியில் ஆடியவர். ஜெனரல் ஐசனோவரை மனத்தில் வைத்து அணிக்குப் பெயரிட்டார். ஒரே அணியிடம் தினமும் தோற்பது நன்றாக இருக்காது என்று நியூ ஜெர்சி ரெட்ஸ், பாஸ்டன் ஷாம்ராக்ஸ் என்று ஜெர்சியை மாற்றிக்கொண்டும் வருவார்கள், ஆட்கள் அவர்களேதான்.

இவர்களுடைய வேலை மிகக் கடினம். ரீம் ஓடும்போது சரியான இடத்தில், சரியான நொடியில் ஏமாற வேண்டும். முன்கூட்டியே தெரிந்ததுபோல் காட்டினால் சிரிப்பு செத்துவிடும். ரீம் முடிந்ததும் நிஜமாக ஆட வேண்டும். பந்து கையில் இருக்கும்போது புள்ளி எடுக்கத்தான் பார்க்க வேண்டும் என்பதில் க்ளாட்ஸ் பிடிவாதமாக இருந்தார்.

அந்தப் பிடிவாதம் 1971 ஜனவரி 5 அன்று டென்னசியின் மார்ட்டின் என்ற சிற்றூரில் வேலையைக் காட்டியது. அன்று அவர்கள் நியூ ஜெர்சி ரெட்ஸ். கர்லி நீல் அன்று ஆடவில்லை. லெமன் கூட்டத்தைச் சிரிக்கவைப்பதில் மூழ்கி, புள்ளிப்பலகையைக் கவனிக்கத் தவறினார். திரும்பிப் பார்த்தபோது ரெட்ஸ் பன்னிரண்டு புள்ளி முன்னால். அடித்துப் பிடித்துச் சமன் செய்தார்கள், ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 99–98 என்று குளோப்டிராட்டர்ஸ் முன்னிலை. சில நொடிகள் மிச்சம். ஐம்பது வயது க்ளாட்ஸ் எறிந்தார், உள்ளே போனது. லெமன் திருப்பி எறிந்தது தவறியது. 100–99. 2,495 ஆட்டங்களாகத் தொடர்ந்த வெற்றி என்று எண்ணி வைத்திருந்தார்கள், அது அறுந்தது. அரங்கம் கைதட்டவில்லை. குழந்தைகள் அழுதன. ஜெயித்தவர்கள் உடைமாற்றும் அறையில் ஷாம்பெயின் இல்லாமல் ஆரஞ்சு சோடாவைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கொன்றதுபோல் இருந்தது என்று க்ளாட்ஸ் பிற்பாடு சொல்வார்.

குளோப்டிராட்டர்ஸ் தோற்றது அது ஒருமுறை மட்டும் என்று பலர் எழுதுவார்கள், தவறு. 1995இல் வியன்னாவில் முன்னாள் என்பிஏ நட்சத்திரம் கரீம் அப்துல்-ஜபார் திரட்டிய நட்சத்திர அணி 91–85 என்று வென்றது.

சிரிப்பின் கசப்பு

இந்த வரலாற்றைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட முடியாது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் சூடுபிடித்த 1960களில், வெள்ளையர் பார்த்துச் சிரிக்கக் கறுப்பினத்தவர் கோமாளி வேடம் போடுவது பழைய அடிமைக்காலக் கேலிக்கூத்தின் தொடர்ச்சி என்ற விமர்சனம் எழுந்தது. அணியில் சில வருடம் ஆடிய கோனி ஹாக்கின்ஸே அப்படிச் சொன்னார். பில் ரஸ்ஸல் 1956இல் கல்லூரி முடித்தபோது சேப்பர்ஸ்டீன் அவரை இழுக்கப் பார்த்தார். ஆனால் சம்பளப் பேச்சையெல்லாம் ரஸ்ஸலின் பயிற்சியாளரிடம் பேசினார், ரஸ்ஸலிடம் உதவியாளர் ஒருவரை விட்டு வேடிக்கைக் கதை சொல்லவைத்தார். என்னிடம் நேரில் பேசுமளவுக்கு எனக்கு அறிவில்லையா என்று ரஸ்ஸல் மறுத்துவிட்டார், பாஸ்டனுக்குப் போய்ப் பதினொரு பட்டம் வென்றார். 1971 கடைசியில் குளோப்டிராட்டர்ஸ் ஆட்டக்காரர்களே சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. சம உரிமைப் போராட்டத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் போன்றவர்கள், இவர்கள் களத்தில் முட்டாள்களாகத் தெரியவில்லை, எதிராளியைவிட எல்லா வகையிலும் மேலானவர்களாகத் தெரிந்தார்கள் என்று வாதாடினார்கள். பழைய படச்சுருள்களைப் பார்க்கும்போது இந்த வாதமே சரியென்று படுகிறது. ஏமாறுபவன் எப்போதும் எதிரே நிற்பவன். ஆனால் அந்தச் சிரிப்பின் வருமானம் யாருக்குப் போனது என்ற கேள்வியை இந்த வாதம் தொடுவதில்லை. 1993இல் முன்னாள் ஆட்டக்காரர் மேன்னி ஜாக்சன் அணியை விலைக்கு வாங்கினார். முதன்முறையாக அணி அதில் ஆடிய ஒருவரின் கைக்கு வந்தது. 2002இல் மொத்த அணியும் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.

விரலில் பந்து சுழற்ற

இவ்வளவு படித்தவருக்குக் கை துறுதுறுக்கும். எளிய வித்தை ஒன்றிலிருந்து தொடங்கலாம். நன்றாகக் காற்றடித்த பந்து வேண்டும். அமுங்கும் பந்து விரலில் குழிந்து உராய்வைக் கூட்டும். வலக்கைக்காரர் பந்தை இரு கைகளாலும் மார்பளவில் பக்கவாட்டில் பிடித்து, மணிக்கட்டைத் திருகி மேலே விட வேண்டும். ஒரு சாண் உயரம் போதும். அதற்கு மேல் எறிந்தால் விழும் வேகத்தில் விரலில் பட்டுத் தெறிக்கும்.

சுட்டுவிரலைச் சற்று மடக்கி, பந்து இறங்கும்போது விரலையும் கூடவே கொஞ்சம் இறக்கி வாங்குங்கள். படவேண்டிய இடம் பந்தின் அடிப்பகுதியின் சரியான நடு, சுழற்சியில் அசையாமல் நிற்கும் அந்த ஒரு புள்ளி. முதலில் விரலின் சதையில் வாங்கிப் பழகி, பிறகு நகத்துக்கு மாற்றலாம். நகத்தில் உராய்வு குறைவு, பந்து அதிக நேரம் சுழலும். பந்து தள்ளாடினால் எறியும்போதே அச்சு சாய்ந்திருக்கிறது என்று பொருள், ஒரு கை மற்றதைவிட அதிகம் தள்ளியிருக்கிறது. விரலை ஓடவிட்டு அதைச் சரிக்கட்டப் பார்க்காமல் மறுபடி எறிவது நல்லது. நேராக நின்றுவிட்டால், மறு கையால் பந்தின் நடுப்பகுதியைச் சுழலும் திசையிலேயே லேசாக வருடிவிடுங்கள். அடிக்கக் கூடாது, அடித்தால் சாயும். ஒருமுறை சரியாக வருடினால் இன்னும் சில நொடி கிடைக்கும், இடைவிடாமல் வருடினால் கை வலிக்கும் வரை.